உருட்டுவது யார்?

கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிறவர்களில் பகடை உருட்டும் புரோகிராம் எழுதாதவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். சி மொழியோ பைத்தானோ, லூப் முடிந்து ஃபங்ஷன் ஆரம்பிக்கிற இடத்தில் அந்தப் பயிற்சி வந்து நிற்கும். 'ஒரு பகடையைப் பத்து முறை உருட்டி விடையை அச்சிடுக.' நாமும் ரேண்ட்() % 6 + 1 என்று ஒரு வரி எழுதுவோம். திரையில் ஒன்றிலிருந்து ஆறுக்குள் எண்கள் வரிசையாக இறங்கும். ஸார் எட்டிப் பார்ப்பார். ரெக்கார்டில் கையெழுத்து விழும். நாம் டீ குடிக்கப் போய்விடுவோம்.

அதோடு முடிகிற விஷயம் இல்லை இது என்பதுதான் என் கட்சி. மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் பர்ஸ் சம்பந்தப்பட்ட சமாச்சாரமும் இதில் வருகிறது.

லேபில் லினக்ஸ் போட்ட மெஷின் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஜிசிசி-யில் மேலே சொன்ன வரியை, வேறு எதுவும் சேர்க்காமல், லூப்பில் பத்துத் தடவை ஓட்டுங்கள். 2, 5, 4, 2, 6, 2, 5, 1, 4, 2 என்று வரும். பக்கத்து மெஷினில்? அதே 2, 5, 4, 2... நாளைக்கு வந்து ஓட்டினால்? அதேதான். நீங்கள் ஓட்டுமுன்பே நான் இங்கே அச்சில் போட்டுவிட்டேன் பாருங்கள்! இருபது பேர் ரெக்கார்டில் ஒரே அவுட்புட் இருந்தால் பையன்களைத் திட்டிப் பயனில்லை; பகடையே காப்பி அடிக்கிறது.

பகடை என்றால் அடுத்து என்ன விழும் என்று யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் அதற்குப் பெயர் பகடை இல்லை, பஞ்சாங்கம்.

ஏன் இப்படி? கம்ப்யூட்டருக்கு உருட்டத் தெரியாது. அதற்குக் கை இல்லை, உட்காரப் பாய் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து 'விழு, தாயம் விழு' என்று கத்தும் சித்தி இல்லை. தெரிந்ததெல்லாம் கணக்கு ஒன்றுதான். கணக்கைப் போட்டே 'கணக்கில்லாதது' மாதிரி ஒரு வரிசையை உண்டாக்க வேண்டும். இந்தச் சங்கடம் ஆதியிலேயே தெரிந்ததுதான். கம்ப்யூட்டர் சாஸ்திரத்தின் மூலவர்களில் ஒருவரான ஜான் வான் நியூமன், இப்படிக் கணக்குப் போட்டு ரேண்டம் எண் எடுக்க நினைப்பவர்கள் பாவத்தில் விழுந்தவர்கள் என்று 1951-லேயே கேலியாக எழுதினார். அந்தப் பாவத்தைச் செய்தவர்களில் அவரும் ஒருவர் என்பது வேறு விஷயம்!

லெஹ்மர் என்ற கணித அறிஞர் 1949-ல் சொன்ன வழியின் ஒரு ரகத்தைப் பேனா பேப்பரிலேயே போட்டுப் பார்க்கலாம். கால்குலேட்டர்கூட வேண்டாம். முதலில் ஓர் எண் – அதற்கு 'விதை' என்று பெயர். அதை 5-ஆல் பெருக்கு, 3-ஐக் கூட்டு, 16-ஆல் வகுத்து மீதியை எடு. அந்த மீதிதான் புது எண். அதை வைத்து மறுபடி அதே கணக்கு. விதை 7 என்று வைப்போம். 7 × 5 + 3 = 38; மீதி 6. அடுத்து 6 × 5 + 3 = 33; மீதி 1. இப்படியே போனால்,

7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4

என்று வந்து, மறுபடி 7-ல் வந்து நிற்கும். 0 முதல் 15 வரை எல்லா எண்ணும் ஒரு தடவை வந்துவிட்டது. அதற்கப்புறம் பழைய பாட்டேதான். இதற்குச் 'சுற்று' என்று பெயர். நம் மலைக் குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030 என்று கொடைக்கானல்காரர்கள் விரல் விட்டுச் சொல்கிறார்கள் அல்லவா? குறிஞ்சிக்குச் சுற்று 12 வருஷம். நம் குட்டி இயந்திரத்துக்குச் சுற்று 16.

இப்போது இதைப் பகடை ஆக்குவோம். ஒவ்வொரு எண்ணையும் 6-ஆல் வகுத்து மீதியோடு 1 கூட்டினால்,

2, 1, 2, 3, 6, 5, 6, 1, 4, 3, 4, 1, 4, 3, 2, 5.

சும்மா மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல பகடை மாதிரித்தான் இருக்கிறது. மறுபடி ஒரு தடவை பாருங்கள். இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை... ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை! இப்போது 4 விழுந்தால் அடுத்து 2, 4, 6 மூன்றும் விழவே விழாது. இது தெரிந்தவன் தெரியாதவனோடு பந்தயம் கட்டினால் என்ன ஆகும்? இன்னொரு கோளாறும் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள்: 1, 2, 3, 4 தலா மூன்று தடவை, 5-ம் 6-ம் இரண்டே தடவை. காரணம் எளிது. பதினாறை ஆறு பேருக்குச் சமமாகப் பங்கு போட முடியாது. மீதி நான்கு, முன்னால் நிற்கும் நான்கு பேருக்குப் போய்விடுகிறது.

"இது உன் குட்டி மெஷின் கோளாறு, நிஜ மெஷினில் இப்படி வராது" என்று நீங்கள் சொல்லலாம். பாதி சரி. நம் சீனியர்கள் காலத்து டர்போ சி-யில் ரேண்ட் கொடுப்பது 0 முதல் 32767 வரை – மொத்தம் 32,768 எண்கள். ஆறால் வகுத்தால் மீதி 2. ஆக 1-க்கும் 2-க்கும் 5,462 பங்கு, மற்ற நான்குக்கும் 5,461. இந்த வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய இடத்துச் சரக்கும் மோசமாக இருந்த கதை உண்டு. 1960-களில் ஐபிஎம் கம்ப்யூட்டர்களோடு வந்த 'ரேண்டு' என்ற ரேண்டம் எண் புரோகிராமை உலகமெங்கும் நம்பிப் பயன்படுத்தினார்கள். அதன் எண்களை மூன்று மூன்றாக எடுத்து முப்பரிமாணத்தில் புள்ளி வைத்தால், எல்லாப் புள்ளியும் வெறும் 15 தளங்களில் அடுக்கி வைத்த தோசை மாதிரி உட்கார்ந்திருந்தது! அதை நம்பிச் செய்த ஆராய்ச்சிகளின் கதி என்ன ஆயிற்றோ.

சரி, நம் வீட்டுப் பகடைக்கு வருவோம். ஆறு முகப் பகடை பாடப்புத்தகத்துக்கு. நம் பக்கத்து வீடுகளில் உருள்வது தாயக்கட்டை – பித்தளையில் நீளமாக, நான்கு முகத்தோடு, ஜோடியாக. ஒவ்வொரு கட்டையிலும் 1, 2, 3 புள்ளி மூன்று முகத்தில், நான்காவது வெறுமை. இரண்டையும் கூட்டினால் 1 முதல் 6 வரை வரும். இரண்டும் வெறுமை என்றால் 12. செல்போனில் தாயம் எழுதிப் பார்க்கிறேன் என்று கிளம்பும் நம் ஆட்களில் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 1, 2, 3, 4, 5, 6, 12 என்ற ஏழு எண்ணை ஓர் அரேயில் போட்டு, அதிலிருந்து ஒன்றை ரேண்டமாக எடுத்துவிடுகிறார்கள். ஓடும். அழகாக ஓடும். ஆனால் அது தாயம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். இரண்டு கட்டையும் விழும் வகைகள் 4 × 4 = 16. பன்னிரண்டு விழ ஒரே வழி. தாயம் விழ இரண்டு வழி – இது வெறுமை அது ஒன்று, அல்லது மாற்றி. இரண்டுக்கு மூன்று வழி, மூன்றுக்கு நான்கு, நான்குக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. நிஜக் கட்டையை 112 தடவை உருட்டினால் பன்னிரண்டு சுமார் 7 தடவை வரும். அரே புரோகிராமில் 16 தடவை வரும். மூன்று நிஜத்தில் 28. புரோகிராமில் அதுவும் 16. மறு ஆட்டம் தருகிற 1, 5, 6, 12 நான்கையும் சேர்த்தால் நிஜத்தில் 42 தடவை, புரோகிராமில் 64! கட்டையைக் கீழே வைக்கவே வேண்டியதில்லை, உருட்டிக்கொண்டே இருக்கலாம். ஐம்பது வருஷம் தாயம் ஆடிய அப்பத்தாவிடம் அந்த செல்போனைக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில், "என்னடா இது, ஈயக் குண்டு வச்ச கட்டை மாதிரி விழுகுது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்பத்தாவுக்கு நிகழ்தகவு தெரியாது. கைக்குத் தெரியும்.

சரியாக எழுதுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 0 முதல் 3 வரை இரண்டு தனி எண் எடுத்துக் கூட்டி, பூஜ்யம் வந்தால் 12 என்று மாற்ற வேண்டும். அவ்வளவுதான். நான்கு முகம் என்பதால் பங்கு போடுவதில் வந்த மீதிக் கோளாறும் இதில் கிடையாது. (ஆனால் நம் குட்டி இயந்திரத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் எண்களை 4-ஆல் வகுத்த மீதி 3, 2, 1, 0, 3, 2, 1, 0 என்று பெருமாள் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டு போகும். ஜோடி சேர்த்தால் ஐந்து, தாயம், ஐந்து, தாயம்... எதிராளி கட்டையைத் தூக்கி நம் தலையிலேயே போடுவார்.)

இதைப் படித்துவிட்டு, 'நிஜக் கட்டை சுத்தம், கம்ப்யூட்டர் கட்டை அசுத்தம்' என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நிஜப் பகடையும் கோணல்தான். இங்கிலாந்தில் வெல்டன் என்ற விஞ்ஞானி 1894-ல் 12 பகடைகளை 26,306 முறை உருட்டிய கணக்கு இருக்கிறது. மொத்தம் 3,15,672 பகடை விழுந்ததில் ஐந்தோ ஆறோ 1,05,224 தடவை வந்திருக்க வேண்டும். வந்தது 1,06,602. புள்ளிக்காகக் குழி தோண்டும்போது ஐந்து, ஆறு உள்ள பக்கம் எடை குறைந்து மேலே பார்க்கிறது என்று காரணம் சொன்னார்கள். இந்தக் கணக்கைத்தான் கார்ல் பியர்சன் 1900-ல் தன் கை-ஸ்கொயர் சோதனையை விளக்க எடுத்துக்கொண்டார்.

அதேபோல, கம்ப்யூட்டரின் போலிப் பகடையும் வேண்டாத சரக்கு இல்லை. ஒரே விதை போட்டால் ஒரே வரிசை என்பது சிமுலேஷன் செய்கிறவருக்கு வரம். பாலத்தின் மேல் லாரி போக்குவரத்தை ரேண்டமாக ஓட்டிப் பார்க்கிறீர்கள்; 4,000-ஆவது லாரியில் புரோகிராம் விழுந்துவிடுகிறது. விதையை எழுதி வைத்திருந்தால் அதே 4,000 லாரியை அதே வரிசையில் திரும்ப ஓட்டித் தப்பைப் பிடிக்கலாம். நிஜப் பகடையில் இது நடக்குமா? பைத்தான் உள்ளே ஓடும் மெர்சென் ட்விஸ்டர் என்ற முறை ஜப்பானில் மட்சுமோடோ, நிஷிமுரா என்ற இருவர் 1997-ல் உண்டாக்கியது. அதன் சுற்று 2-இன் 19,937-ஆவது அடுக்குக்கு ஒன்று குறைவு. பிரபஞ்சம் முடிந்தாலும் சுற்று முடியாது. சிமுலேஷனுக்கு மிக நல்ல சரக்கு. ஆனாலும் அது வெளியிடும் 32 பிட் எண்கள் 624 தொடர்ந்து கையில் கிடைத்தால், அடுத்து வரப்போவது அத்தனையையும் சொல்லிவிடலாம்! பாலம் கட்ட உதவுகிற பகடை வேறு, பணம் வைத்து ஆடுகிற பகடை வேறு.

பணம் என்றதும் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். போலிப் பகடை என்பது, ஒழுங்கை உள்ளே வைத்து வெளியே ஒழுங்கில்லாதது போல் நடிப்பது. இதற்கு நேர் எதிரான நடிப்பும் உண்டு: உள்ளே ஒழுங்கே இல்லாத இடத்தில் நம் கண்ணுக்கு ஒழுங்கு தெரிவது. அந்தக் கதை நம் தலைக்கு மேலேயே, கொடைக்கானல் மலையில் இருக்கிறது. 1876-78-ல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனை ஆராய்ந்தால் மழையின் போக்கு பிடிபடுமா என்ற எண்ணம் வலுத்தது. கொடைக்கானலில் 1899-ல் சூரிய ஆய்வுக்கூடம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். (எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிக்குள் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கேதான். கொடைக்கானல் டூர் போகிறவர்கள் படகுத்துறையோடு திரும்பிவிடுகிறார்கள், அது வேறு வருத்தம்.) சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 வருஷச் சுற்றில் கூடிக் குறைகின்றன. மழையும் அதோடு சேர்ந்து ஆடுகிறதா? 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர், கணித வித்வான், ஒட்டுறவுக் கணக்கை வரிசையாகப் போட்டுப் பார்த்தார். புள்ளிக்கும் மழைக்கும் சொல்லிக்கொள்ளும்படியான உறவு கிடைக்கவில்லை. ஆனால் அவர் 1914-ல் ஒரு எச்சரிக்கை செய்தார். எனக்கு அதுதான் பெரிசு. நூறு விஷயத்தை நூறு விஷயத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அதில் ஒன்றிரண்டு தற்செயலாகவே நன்றாகப் பொருந்தும். பொருந்தியதை மட்டும் எடுத்துக் காட்டி 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று குதிக்கக்கூடாது. 

பணம் வைத்து ஆடுகிறவன் நித்தமும் செய்வது இந்தக் குதிப்புதான். 'ராத்திரி பதினொரு மணிக்கு மேல எனக்கு ராசி மாப்ள', 'மூணு தடவ போயிருச்சு, நாலாவது கண்டிப்பா வரும்' – எல்லாம் அதே ரகம்.

என் கூடப் படித்த ஒருவன் தேர்வுக் கட்டணத்துக்கு வீட்டில் கொடுத்த பணத்தை ஒரு செல்போன் ஆட்டத்தில் விட்டான். பெயர் வேண்டாம், ஆட்டத்தின் பெயரும் வேண்டாம். பணம் போனதைவிட அவன் பேசியதுதான் என்னை உறுத்தியது. "ஏமாத்த மாட்டான்டா பங்காளி. ஆர்என்ஜி சர்ட்டிபிகேட் வாங்கி கீழேயே போட்டிருக்கான் பாரு." கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிறவன் பேசுகிற பேச்சா இது! அந்தச் சர்ட்டிபிகேட் உண்மையாகவே இருக்கட்டும். அது சொல்வது என்ன? எண்கள் சமமாகப் பரவி வருகின்றன என்று சோதித்தோம் என்பது மட்டும்தான். இன்று ராத்திரி சர்வரில் ஓடுவது அன்று சோதித்த புரோகிராம்தானா, விதை யார் கையில், எதிரே உட்கார்ந்திருப்பது மனுஷனா மெஷினா – இதற்கெல்லாம் அதில் பதில் இல்லை. திண்ணையில் தாயம் ஆடும்போது கட்டை நான்கு பேர் கண் முன்னால் உருளும். சந்தேகம் வந்தால் கட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். சர்வர் உருட்டும் கட்டையை யார் கையில் வாங்கிப் பார்ப்பது?

நேர்மையான நிறுவனமே கோட்டை விட்ட உதாரணம் உண்டு. 1999-ல் ஏஎஸ்எஃப் சாஃப்ட்வேர் என்ற அமெரிக்க நிறுவனம், தன் போக்கர் ஆட்டம் நியாயமானது என்று காட்டுவதற்காகச் சீட்டுக் குலுக்கும் புரோகிராமை வெளிப்படையாகப் போட்டது. நல்ல மனசுதான். ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் என்ற இன்னொரு நிறுவனத்து ஆட்கள் அதைப் படித்துப் பார்த்தார்கள். 52 சீட்டை அடுக்க 68 இலக்க எண்ணிக்கையில் வழிகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் புரோகிராமின் விதை, நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி கழிந்தது என்பது. ஒரு நாளில் அப்படி 8 கோடியே 64 லட்சம்தான் உண்டு. சர்வர் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துப்போக வைத்து அதையும் சுமார் 2 லட்சமாகக் குறைத்தார்கள். தன் கையில் உள்ள இரண்டு சீட்டும் மேஜையில் விரித்த மூன்று சீட்டும் தெரிந்ததும், எதிராளிகள் கையில் இருப்பது, இனி வரப்போவது எல்லாம் அவர்கள் திரையில் தெரிந்தது! நாம் லேபில் எஸ்ரேண்ட்(டைம்(0)) என்று எழுதி, 'இப்போது ரேண்டம் ஆகிவிட்டது' என்று நிம்மதியாகிறோமே, அதுவும் இந்தச் சாதிதான். அதில் விநாடிக் கணக்கு. ஒரு நாளைக்கு 86,400 விதை. லேப்டாப் ஒரு நொடியில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும்.

இன்னொன்று. பகடை முழு யோக்கியமாக இருந்தாலும் ஆட்டம் நடத்துகிறவன்தான் ஜெயிப்பான். திருவிழாக் கூட்டத்தில் போலீஸ் கண்ணில் படாமல் லங்கர் கட்டை உருட்டுவதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆறு படம் போட்ட மூன்று கட்டையை டப்பாவில் குலுக்குவார்கள். நாம் ஒரு படத்தில் ஒரு ரூபாய் வைத்தால், அது ஒரு கட்டையில் வந்தால் ஒன்று, இரண்டில் வந்தால் இரண்டு, மூன்றிலும் வந்தால் மூன்று ரூபாய் கிடைக்கும். 'மூணு கட்டை, ஆறு படம், பாதிக்குப் பாதி' என்று தோன்றும். மொத்த வகை 216. ஒரு கட்டையில் வருவது 75 வகை, இரண்டில் 15, மூன்றில் 1, வராதது 125. வரவு 75 + 30 + 3 = 108. செலவு 125. யாரும் யாரையும் ஏமாற்றாமலே 216 ரூபாய்க்கு 17 ரூபாய் டப்பாக்காரருக்கு! செல்போன் ஆட்டத்தில் அந்த 17 ரூபாய்க்கு 'சர்வீஸ் சார்ஜ்' என்று கௌரவமான பெயர் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய வழக்கு இல்லை. 1968-ல் அரசே பரிசுச் சீட்டு ஆரம்பித்தது. 2003-ல் லாட்டரி முழுவதுமே தடை செய்யப்பட்டது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2021-ல் கொண்டுவந்த சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் 2022-ல் குழு, அதன்பின் புதிய சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, பேரவை மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஒப்புதல் என்று அது ஒரு தொடர்கதை. நமக்குச் சுவாரஸ்யம் அந்தச் சட்டத்தின் விளக்கப் பகுதியில் இருக்கிறது. அதிர்ஷ்ட ஆட்டம் எது என்று சொல்லும்போது சீட்டு, பகடை, சக்கரம் இவற்றோடு, ரேண்டமாக விடை தரும் கருவியும் அதில் வந்துவிடுகிறது. நாம் ஒரு மார்க்குக்காக எழுதும் அந்த வரி சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது! 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் நிறைவேற்றியது.

சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். என் கவலை நம் ஆட்களைப் பற்றியது. அந்த ஆட்டங்களை எழுதுவது யார்? நம்மைப் போல் டிப்ளமோவோ டிகிரியோ முடித்துவிட்டு கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று வேலைக்குப் போகிறவர்கள்தான். நாளைக்கு ஒரு கம்பெனியில், 'தம்பி, புதுசா வர்றவனுக்கு முதல் பத்து ஆட்டம் கொஞ்சம் கூடுதலா விழற மாதிரி வச்சிரு' என்று மேலதிகாரி சொன்னால், அது என்ன வேலை என்று புரிகிற அளவுக்காவது இந்த வரி நமக்குப் புரிந்திருக்க வேண்டாமா? நளன் கதையில் பகடையில் நாட்டைத் தோற்ற ராஜா, பிற்பாடு ருதுபர்ணனிடம் தான்றி மரத்தடியில் அந்த வித்தையைக் கற்றுக்கொள்கிறான். தான்றிக் கொட்டைதான் அந்தக் காலத்துப் பகடை. நம் மலைக் காட்டிலும் அந்த மரம் இருக்கிறது. தோற்ற பிறகு படித்தான் நளன். நாம் மூன்று வருஷமும் ஃபீஸ் கட்டி, தோற்குமுன்பே படிக்க வந்திருக்கிறோம்.

யோக்கியமாக உருட்டவும் வழி இருக்கிறது, அதையும் லேபிலேயே செய்து பார்க்கலாம். பரீட்சைக் கேள்வித்தாளை மூடிய கவரில் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் பிரிப்பது மாதிரி ஏற்பாடு. ஆட்டத்துக்கு முன்பே சர்வர் தன் விதையை ஹாஷ் போட்டு, அந்த ஹாஷ் எண்ணை ஆடுகிறவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதை வைத்து விதையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆடுகிறவர் தன் பங்குக்கு ஓர் எண் சொல்வார். இரண்டும் சேர்ந்துதான் உருட்டும். ஆட்டம் முடிந்ததும் சர்வர் விதையைக் காட்ட வேண்டும். ஹாஷ் ஒத்துப்போகிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் விதையை மாற்றியிருந்தால் குட்டு உடைந்துவிடும்.

ஆகவே துறைக்கு என் விண்ணப்பம் இது. பகடைப் பயிற்சிக்கு 'அவுட்புட் வந்தது' என்று கையெழுத்துப் போடுவதை நிறுத்தலாம். பத்து தடவைக்குப் பதில் 600 தடவை உருட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முகமும் 100-ஐ ஒட்டி வர வேண்டும். ஒன்பது பத்து கூடக் குறைய இருப்பது சகஜம், 85-ம் 112-ம்கூட வரும். எல்லாமே சரியாக 100, 100 என்று வந்தால்தான் அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்! கை-ஸ்கொயர் போட்டு 11.07-க்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். அதோடு விடக்கூடாது. அடுத்தடுத்து விழும் ஜோடிகளை 36 கட்டம் போட்டு எண்ண வேண்டும். நம் குட்டி இயந்திரம் தனி எண்ணிக்கையிலேயே மாட்டிக்கொள்ளும். ஜோடிக் கட்டத்திலும் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்து காட்டிக்கொடுத்துவிடும். ரெக்கார்டில் எந்த விதை போட்டோம் என்றும் எழுத வேண்டும். இதற்கு ஒரு லேப் பீரியட் போதும்.

ஆறு முகம் முடிந்ததும் அடுத்த பயிற்சியாகத் தாயக்கட்டையைப் போடலாம். புரோகிராம் சரியா என்று நிஜக் கட்டையோடு ஒப்பிட வேண்டும் அல்லவா? பித்தளைக் கட்டை ஒரு ஜோடி வீட்டிலிருந்து நான் கொண்டு வருகிறேன். உட்கார்ந்து 112 தடவை உருட்டிக் கோடு போட நாலு பேர் மட்டும் வேண்டும்.